மூலமும் உரையும்: கைப்பேசியில் உயர் ஒளிவீச்சுப் படங்கள்

நூலை அறிய மூலம் வேண்டும். மூலத்தை விளங்கிக்கொள்ள உரை வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு என்பதைத் தமிழ் கற்பிப்போர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. பதின்மரும் எடுத்துக்கொண்ட நூல் ஒன்றே. எனினும் ஒருவர் கண்ட பொருளை மற்றவர் எல்லாவிடத்தும் காணவில்லை. மாணாக்கன் ஒருவன் ஓர் உரையை மட்டும் படித்துவிட்டு அதுவே மூலம் என்று கொள்வானாயின், ஆசிரியர் அவனைத் திருத்தாமல் விடமாட்டார். அத்தகைய திருத்தம் இன்று நூலுக்கேயன்றிப் படத்துக்கும் வேண்டியதாயிற்று.

படத்துக்கு மூலம் ஏது, உரை ஏது என்ற வினா எழலாம். திரைப்படத் தொழிலிலும், கட்டட ஒளியமைப்பிலும், கணினி வரைகலையிலும் வழங்கும் உயர் ஒளிவீச்சுப் படக் கோப்புகளைக் கைப்பேசியில் திறந்து பார்ப்போர் இன்று பலர். திறந்தவுடன் திரையில் ஒரு படம் தோன்றுகிறது. தோன்றியது கோப்பில் உள்ளதுதான் என்று பார்ப்பவர் கொள்கின்றார். உண்மையில் தோன்றுவது கோப்பு அன்று. கோப்புக்குச் செயலி கூறும் உரையே அது. எந்த உரை, யாருடைய உரை, எதை விட்டுவிட்ட உரை என்பதைச் செயலிகளுட் பல சொல்லுவதேயில்லை. இக்குறை எங்ஙனம் நேர்கின்றது, எவ்வளவு பெரிது, எவ்வாறு நீங்கும் என்பன ஆராயத்தக்கன.

ஒரு சொல், மூன்று பொருள்

முதற்கண் சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். எச்.டி.ஆர். என்னும் மூன்றெழுத்துக் குறியீடு இன்று மூன்று வேறு பொருள்களில் வழங்குகின்றது. ஆப்பிள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் தன் கைப்பேசிக்கு வழங்கிய ஐஓஎஸ் 4.1 பதிப்பில் இப்பெயரால் ஒரு படப்பிடிப்பு முறை சேர்ந்தது. வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இணைத்து, வானமும் நிழலும் ஒருங்கே தெரியும்படி செய்வது அம்முறை. அதனால் கிடைப்பது வழக்கமான ஜேபெக் படமே. விரிந்த ஒளி அதனுள் முன்பே சுருக்கப்பட்டுவிட்டது. ஆதலால் அதனை உரை என்னலாம், மூலம் என்னலாகாது.

இரண்டாவது பொருள் திரையைப் பற்றியது. பேரொளியைக் காட்டவல்ல தொலைக்காட்சிக்கும் கைப்பேசித் திரைக்கும் இப்பெயர் உண்டு. இத்துறையில் 2014-இல் வெளிவந்த தொழில்நெறி ஒன்று, ஒரு சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலா வரையில் ஒளியை எண்ணாற் குறிக்க வழி செய்தது. மூன்றாவது பொருள்தான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். காட்சியில் இருந்த ஒளியின் அளவை, எந்தத் திரைக்கும் கட்டுப்படாமல், எண்ணாக எழுதி வைத்த கோப்பு அது.

இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாற் குழப்பம் விளைகின்றது. ‘என் கைப்பேசியில் எச்.டி.ஆர். உண்டே, இக்கோப்பு மட்டும் ஏன் திறக்கவில்லை’ என்று கேட்பவர், முதற்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் பொருளைத் தேடுகின்றார். சொல்லின் பொருள் விளங்கினால் வினாவின் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு தேவாலயமும் பதினாறு படங்களும்

பொதுவாகப் பேசுவதினும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். இத்துறையில் யாவரும் அறிந்த படம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நினைவுத் தேவாலயத்தின் உட்புறக் காட்சி அது. பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அது இடம்பெற்றது. ஒரே இடத்திலிருந்து 16 படங்கள் எடுக்கப்பெற்றன. முதற் படத்துக்குக் காமிராவின் கண் 30 விநாடி திறந்திருந்தது. கடைசிப் படத்துக்கு ஒரு விநாடியில் 1,000-இல் ஒரு பங்கு மட்டுமே. ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறைந்தது. பின்னர் அப்பதினாறையும் கணக்கிட்டு இணைத்து, காட்சியின் ஒவ்வோர் இடத்திலும் ஒளி எவ்வளவு என்பதை ஒரே கோப்பில் எழுதினர்.

அக்கோப்பில் மிகு ஒளிக்கும் மிகு இருளுக்கும் உள்ள விகிதம் 250,000-க்கு 1 என்பதையும் கடந்தது. வலக்கோடியில் உள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கு நேர் பின்னே சூரியன் இருந்தது. உள்ளே மூலைகளில் நிழல் அடர்ந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் நிறமும், இருண்ட மூலையின் வேலைப்பாடும் ஒரே கோப்பில் எண்ணாக நிற்கின்றன. இதுவே மூலம்.

அகலம் 512, உயரம் 768 படப்புள்ளிகளே கொண்ட சிறு படம் அது. மொத்தம் 393,216 புள்ளிகள். இன்றைய கைப்பேசிக்கு இது ஒரு சுமையே அன்று. எனவே இப்படத்தைக் காட்டுவதில் உள்ள இடர்ப்பாடு அளவினால் வருவது அன்று; ஒளியினால் வருவது. வழக்கமான படக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே உடையது. 250,000 மடங்கு விரிந்த ஒன்றை 256 படிகளில் அடக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே வினா. உரைகாரரின் வினாவும் அதுவே.

ஏடுகள் இரண்டு

மூலம் என்று கூறினும், அதுவும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டதே. ஏட்டின் இயல்பு மூலத்தைத் தொடும். இத்துறையில் இரண்டு ஏடுகள் பெரிதும் வழங்குகின்றன.

முன்னது ரேடியன்ஸ். கிரெக் வார்டு என்பார் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1985-இல் தொடங்கிய ஒளியமைப்புக் கணிப்பு மென்பொருளோடு பிறந்த வடிவம் அது. அதன் சிக்கனம் பாராட்டத்தக்கது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 4 பைட் மட்டுமே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே ஒரு பைட். மூன்றுக்கும் பொதுவான அடுக்கெண் ஒரு பைட். அந்த அடுக்கெண்ணால் சூரியனையும் விண்மீனையும் ஒரே முறையில் எழுத முடிகின்றது. ஆயின் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பொது அடுக்கெண் மூன்று நிறங்களுள் மிகுந்த ஒன்றைப் பார்த்தே அமைகின்றது. ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியில் நீலம் இருநூறில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், அந்த நீலத்துக்குக் கிடைப்பது ஓரிரு படிகளே. வண்ணக் கண்ணாடிச் சாளரம் உள்ள படத்தில் இது கருதத்தக்க குறை.

பின்னது ஓப்பன் இஎக்ஸ்ஆர். இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக் என்னும் திரைப்பட நிறுவனம் 1999-இல் இதனை உருவாக்கத் தொடங்கி, 2003-இல் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. ஹாரி பாட்டர் வரிசையின் முதற் படத்திலேயே இது பயன்பட்டது. இதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே 16 பிட் உண்டு: குறிக்கு 1, அடுக்குக்கு 5, எண்ணுக்கு 10. ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு படியிலும் 1,024 உட்படிகள் அமைகின்றன. அத்தகைய படிகள் முப்பதுக்கு இடம் உண்டு. நிறமேயன்றித் தொலைவு, ஒளிபுகும் அளவு முதலியவற்றையும் தனிப் பிரிவுகளாக ஒரே கோப்பில் வைக்கலாம். ஆயின் 16 பிட் எழுத்தில் மிகப் பெரிய எண் 65,504. அதனைக் கடந்த ஒளி எண்ணாக நிற்காது. முடிவிலி என்று எழுதப்படும். சூரியனை நேரே படம் பிடித்தவர் இவ்வெல்லையை மறத்தல் ஆகாது. கூடுதல் நுட்பம் வேண்டுவோர்க்கு 32 பிட் எழுத்தும் இவ்வடிவில் உண்டு.

கைப்பேசி ஏன் தயங்குகின்றது

இக்கோப்புகளைக் கைப்பேசிக்கு மாற்றினால், பெரும்பாலும் படத்தொகுப்பில் அவை தோன்றுவதே இல்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டா. ஆண்ட்ராய்டு இயங்குதளம் தானே படிக்கவல்ல பட வடிவங்களின் பட்டியலில் ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, ஹீஃப், ஏவிஃப் முதலியன உண்டு. ரேடியன்ஸும் ஓப்பன் இஎக்ஸ்ஆரும் இல்லை. இயங்குதளம் அறியாத வடிவத்தைப் படத்தொகுப்பும் அறியாது. போதாக்குறைக்கு, ரேடியன்ஸ் கோப்பின் பெயர் முடிவாக வரும் அதே மூன்றெழுத்து, செயற்கைக்கோள் படத் துறையில் வேறொரு தலைப்புக் கோப்புக்கும் வழங்குகின்றது. பெயரைப் பார்த்து வகையை ஊகிக்கும் செயலி இதனால் தடுமாறும். கோப்பின் முதல் வரியில் ரேடியன்ஸ் என்ற பெயர் எழுத்தாகவே இருக்கின்றது. அதனைப் படித்தறிவதே முறையான வழி.

கைப்பேசியின் உறுப்புகளுக்குத் திறமை இல்லை என்பதும் பொருந்தாது. 16 பிட் பின்ன எண்களால் ஆன படத்தை நினைவில் வைக்கும் முறை ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. வரைகலைச் செயலகமும் அத்தகைய எண்களைக் கையாள வல்லது. கோப்பைப் படிக்கும் நிரல்களும் சிறியன, இலவசமாகக் கிடைப்பன. எனவே தனிச் செயலி ஒன்றை நிறுவினால் கோப்பு திறக்கும்.

நினைவிடம் மட்டும் உண்மையான தடை. சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் கோப்புகள் 8,192 அகலமும் 4,096 உயரமும் கொண்டிருத்தல் வழக்கம். அவற்றில் 3 கோடியே 35 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளிக்கு 8 பைட் என்று கொண்டால் ஏறத்தாழ 27 கோடி பைட் வேண்டும். 32 பிட் எழுத்தாயின் அது இருமடங்காகும். கோப்பு சுருங்கிய நிலையில் சிறிதாக இருக்கலாம். விரித்தபின் செயலி மூச்சுத் திணறி நின்றுவிடும். அறிவுள்ள செயலி முதலில் குறைந்த அளவில் காட்டி, பார்ப்பவர் பெரிதாக்கும் பகுதியை மட்டும் முழு அளவில் விரிக்கும்.

உரை நால்வகை

கோப்பு திறந்துவிட்டது என்று கொள்வோம். இனித்தான் மெய்யான ஆய்வு தொடங்குகின்றது. முற்கூறிய தேவாலயப் படத்தைச் செயலிகள் நான்கு வகையாகக் காட்டக் காணலாம்.

முதல் வகை, மிகு ஒளியை 255 என்று வைத்து மற்றவற்றை விகிதப்படி குறைப்பது. கணக்கு நேர்மையானது, பயன் இல்லை. 250,000 மடங்கு வீச்சில், மிகு ஒளியின் 255-இல் ஒரு பங்குக்குக் கீழ்ப்பட்டன எல்லாம் கறுப்பாகிவிடும். அதாவது கீழே உள்ள ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வீச்சு முழுவதும் ஒரே இருள். சாளரங்கள் சில இருளில் மிதக்கும், தேவாலயம் காணாமற்போகும்.

இரண்டாம் வகை, ஓர் அளவுக்கு மேற்பட்டதை வெட்டிவிடுவது. சுவரும் தூணும் அழகாகத் தெரியும். சாளரம் வெள்ளைத் துணிபோல் நிற்கும். வேண்டாத பாட்டை விட்டுவிட்டு எஞ்சியவற்றுக்கு உரை எழுதுவாரை ஒத்தது இது. கைப்பேசிகளில் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே. ஏனெனில் செய்வதற்கு எளிது.

மூன்றாம் வகை, முழுப் படத்துக்கும் பொதுவான வளைகோடு ஒன்றால் ஒளியைச் சுருக்குவது. தொழிலார் இதனை டோன் மேப்பிங் என்பர். 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் அவருடைய துணைவர் மூவரும் வெளியிட்ட முறை இவற்றுள் புகழ்பெற்றது. ஆன்சல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் ஆகியோர் 1940-ஐ ஒட்டி வகுத்த நிழற்படப் படிநிலை முறையை அவர்கள் தம் அடிப்படையாகக் கொண்டனர். அவர்தம் எளிய வாய்பாடு இது: ஒளியை, ஒளியோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். ஒளி 1 ஆயின் விடை 0.5, 10 ஆயின் 0.91; 100 ஆயின் 0.99. எவ்வளவு பெரிய ஒளியும் ஒன்றைக் கடவாது. எதுவும் முற்றாக வெட்டப்படாது. ஆயின் விடைகளை உற்றுநோக்குக. பத்துக்கும் நூறுக்கும் இடையே உள்ள பத்து மடங்கு வேறுபாடு 0.08 என்னும் சிறு வேறுபாடாகச் சுருங்கிவிட்டது. சூரியன் பின்னே நிற்கும் சாளரமும் நிழற்பக்கச் சாளரமும் ஏறத்தாழ ஒரே தன்மையவாய்த் தோன்றும்.

நான்காம் வகை, இடத்துக்கு இடம் வேறு அளவில் சுருக்குவது. அதே 2002-இல் பத்தால் முதலிய மூவர் வெளியிட்ட முறையும், துராண்டு, டோர்சி ஆகிய இருவர் முறையும் இவ்வகையின. சாளரத்தின் ஓவியமும் மூலையின் வேலைப்பாடும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இருளும் ஒளியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் தேவாலயத்தின் தன்மை இதிற் குறைந்துபோகின்றது. எல்லா அடியையும் சமமாக விளக்கிய உரையில் எந்த அடி உயிரடி என்பது தெரியாமற்போவதுபோல, எல்லா இடமும் தெளிந்த படத்தில் ஒளி எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடுகின்றது.

இந்நான்கனுள் எது சிறந்தது என்று கேட்டால், பயனுக்கேற்ப விடை மாறும். ஒன்றும் பொய்யன்று, ஒன்றும் முழுமையன்று. உரை கூறுவது குற்றமும் அன்று. பிரெஞ்சு நாட்டு நிழற்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். ஆடம்ஸும் நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படத்தை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டுப் பேசினார். ஆயின் அவர்கள் உரை கூறுகின்றோம் என்பதை அறிந்து கூறினர். கைப்பேசிச் செயலியோ நான்கில் ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு, தேர்ந்ததை வெளியிடாமல், இதுவே படம் என்று நீட்டுகின்றது. குறை இதுவே.

நூற்றுச் சில புள்ளிகள்

இக்குறையால் வரும் தீங்கு என்ன என்று வினவலாம். அழகு பார்ப்பதோடு நின்றுவிடும் படமாயின் தீங்கு சிறிது. ஆனால் இக்கோப்புகள் பார்ப்பதற்கு மட்டும் உரியன அல்ல. 1998-இல் டெபெவெக் காட்டிய வழியில், சுற்றுப்புறத்தின் ஒளியைப் படம் பிடித்து, கணினியில் அமைத்த பொருள்களின்மேல் அதே ஒளியை வீழ்த்துவது இன்று திரைப்படத் தொழிலில் நாள்தோறும் நடப்பது. அங்கே படம் படமாக நிற்பதில்லை, விளக்காக நிற்கின்றது.

தெளிந்த பகற்பொழுதில் எடுத்த 8,192 அகலமுள்ள சுற்றுப்புறப் படத்தை எடுத்துக்கொள்க. வானில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. படத்தின் நடுவரிசையை ஒட்டி அளந்தால் அது 12 படப்புள்ளி அகலமே. வட்டம் முழுவதும் நூற்றுச் சில புள்ளிகள்; சூரியன் மேலேறினால் படத்தின் விரிவால் அத்தொகை சற்றுக் கூடும். மூன்று கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுள் இச்சில புள்ளிகளே தரையில் விழும் ஒளியின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. படம் பிடிக்கும்போது சூரியனின் ஒளி எல்லை கடந்து வெட்டுண்டிருந்தால், கணினியில் அமைத்த காட்சியில் நிழல் வெளிறும், வெயில் மப்பாகும்.

அக்கோப்பைப் படப்பிடிப்புத் தளத்திலிருந்தே கைப்பேசியில் திறந்து, ‘நன்றாக வந்திருக்கின்றது’ என்று ஒருவர் ஒப்புதல் அளிப்பதாகக் கொள்க. 2,400 புள்ளி அகலமுள்ள திரையில் சூரியன் மூன்று அல்லது நான்கு புள்ளிகளாகச் சுருங்கும். வெட்டுண்ட சூரியனும் வெள்ளை. வெட்டுண்ணாத சூரியனும் வெள்ளை. இரண்டு கோப்புகளும் திரையில் ஒன்றேபோல் நிற்கும். பிழை தெரியவரும்போது அந்த நாளும் அந்த வெயிலும் போய்விட்டிருக்கும். பாடபேதம் மூலத்தில் இருக்க, இரண்டு ஏடுகளுக்கும் ஒரே உரையைப் படித்துவிட்டு வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது.

திரை மாறினால் தீருமா?

புதிய கைப்பேசித் திரைகள் பேரொளி தருவன. ஆகவே இனி உரையே வேண்டா என்பார் உளர். இக்கூற்றையும் அளந்து பார்த்தல் வேண்டும். ஒரு திரையில் சாதாரண வெள்ளைத் தாளுக்கு 200 கேண்டெலாவும், மிகு ஒளிக்கு 1,600 கேண்டெலாவும் அமைந்திருப்பதாகக் கொண்டால், வெள்ளைக்கு மேல் எஞ்சும் இடம் எட்டு மடங்கு. இருமடங்குப் படிகளாக எண்ணினால் மூன்றே படிகள். தேவாலயப் படத்துக்கோ ஏறத்தாழ 18 படிகள் வேண்டும். மூன்று படி கூடுதல் என்பது பெரும் நன்மையே. சாளரம் மெய்யாகவே ஒளிரும். வெள்ளைத் துணியாக நில்லாது. எனினும் எஞ்சியவற்றைச் சுருக்கியே ஆகவேண்டும்.

மேலும் அந்த எட்டு மடங்கும் நிலையானது அன்று. வெயிலில் கைப்பேசியை எடுத்துச் சென்றால், எழுத்துத் தெரிவதற்காகத் திரை சாதாரண வெள்ளையையே உயர்த்திக்கொள்ளும். மேல் இடம் குறைந்துவிடும். கருவி சூடேறினால் மிகு ஒளியும் குறைக்கப்படும். ஆக, அறையில் பார்த்த படமும் தெருவில் பார்த்த படமும் ஒன்றல்ல. கோப்பு மாறவில்லை; உரை மாறிவிட்டது.

இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஏடு

இந்நிலையில் எழுந்த புதுவழி ஒன்று உண்டு. 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14 பதிப்பு, அல்ட்ரா எச்.டி.ஆர். என்னும் பட வடிவை ஏற்றது. ஆப்பிள் கைப்பேசிகள் அதற்கு முன்பே இதனையொத்த முறையிற் படம் எடுத்துவந்தன. அனைத்துலகத் தர நிறுவனமும் இம்முறைக்கு 2025-இல் ஒரு தரநெறி வகுத்தது. முறை இது: வழக்கமான ஜேபெக் படம் ஒன்று, அதனுள்ளேயே கெயின் மேப் என்னும் சிறு படம் மற்றொன்று. எந்த இடத்தில் ஒளியை எத்தனை மடங்கு உயர்த்தலாம் என்பதைச் சிறு படம் கூறும். பழைய திரை முதற்படத்தை மட்டும் காட்டும். புதிய திரை தன்னிடமுள்ள மேல் இடத்துக்கு ஏற்ப அவ்வுயர்வை முழுதாகவோ ஓரளவோ பயன்படுத்தும்.

இதன் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. படம் எடுத்தவரே குறைந்த ஒளிக்கு ஓர் உரையும் மிகுந்த ஒளிக்கு ஓர் உரையும் எழுதிச் சேர்த்துக் கட்டிவிடுகின்றார். செயலி தன் மனம்போல் உரை கூற இடமில்லை. பழைய கருவியிலும் படம் திறக்கும். குடும்பப் படத்துக்கும் செய்திப் படத்துக்கும் இது போதும். போதும் என்பதோடு, இதுவே தக்கது.

ஆயின் இது மூலத்தின் இடத்தைப் பெறாது. இரண்டு உரைகளைச் சேர்த்தாலும் மூலம் ஆகிவிடுவதில்லை. காட்சியின் ஒளியளவு இதில் இல்லை. திரைக்கு ஏற்ற ஒளியளவே உண்டு. சூரியனின் மெய்யான எண்ணை இதிலிருந்து மீட்க முடியாது. வேறு செயலி வழியாக அனுப்பும்போது படத்தை மறுபடி சுருக்கினால் சிறு படம் உதிர்ந்துபோகவும் கூடும். போயினும் பார்ப்பவர் அறியார், ஏனெனில் முதற்படம் குறையின்றித் திறக்கும். ஓப்பன் இஎக்ஸ்ஆர் கோப்பை இவ்வடிவுக்கு மாற்றிக் கைப்பேசியிற் பார்ப்பது நல்ல வழி; மாற்றியபின் மூலத்தை அழித்துவிடுவது தீராத இழப்பு.

ஓர் எதிர்வாதம்

இத்தகைய கோப்புகளைக் கைப்பேசியில் ஏன் திறக்க வேண்டும், கணினியில் திறந்தாற் போதாதா என்று கூறுவாரும் உளர். வாதம் வலிவுடையதே. பெரிய திரை, அளந்து சீர்செய்த நிறம், நிறைந்த நினைவிடம் எல்லாம் கணினிக்கு உண்டு. ஆயின் இவ்வாதம் கைப்பேசிக்கு மட்டும் உரிய குறையைக் கூறவில்லை. கணினியின் திரையும் 250,000 மடங்கு ஒளியைக் காட்டாது. அங்கும் உரையே தோன்றுகின்றது. வேறுபாடு ஒன்றுதான். கணினியில் இதற்கென அமைந்த மென்பொருள்கள், எக்ஸ்போஷரைக் கூட்டவும் குறைக்கவும் பிடி தருகின்றன. புள்ளியைத் தொட்டால் அதன் எண்ணைச் சொல்லுகின்றன. பார்ப்பவர் உரையை விலக்கி மூலத்தை எட்டிப் பார்க்க வழியுண்டு. அவ்வழியைக் கைப்பேசியிலும் திறந்துவிட்டால் எதிர்வாதத்தின் பெரும்பகுதி வலிவிழந்துபோகும். படப்பிடிப்புத் தளத்தில் நிற்பவர் கையில் இருப்பது கைப்பேசியே, கணினி அன்று.

வேண்டுவன

நல்ல செயலிக்கு வேண்டும் இலக்கணம் மிகப் பெரிது அன்று. திறந்தவுடன் எந்த முறையால் சுருக்கப்பட்டது, எக்ஸ்போஷர் எவ்வளவு என்பதை ஓர் ஓரத்தில் எழுதிக் காட்டுதல் வேண்டும். விரலை நகர்த்தினால் எக்ஸ்போஷர் ஏறியிறங்க வேண்டும். அப்போதுதான் 30 விநாடிப் படத்தையும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிப் படத்தையும் ஒரே கோப்பில் மாறிமாறிக் காண இயலும். புள்ளியைத் தொட்டால் சுருக்காத எண் தெரிய வேண்டும்; மிகு ஒளி எந்த இடத்தில், எவ்வளவு என்பதையும் காட்ட வேண்டும். எல்லையை முட்டி வெட்டுண்ட புள்ளிகளை வேறு நிறத்தில் குறித்துக்காட்டுதல் இன்றியமையாதது. சூரியன் பற்றிய பிழை இதனால் உடனே வெளிப்படும். சேமிக்கும்போது சுருக்கிய படத்தை மூலத்தின்மேல் எழுதாமல் வேறு பெயரில் எழுதுதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. வாய்பாடுகள் 2002 முதல் அச்சில் உள்ளன. படிக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவிக்கு ஆற்றல் உண்டு. குறைவது ஒன்றே: தான் காட்டுவது உரை என்பதை ஒப்புக்கொள்ளும் பண்பு.

பார்ப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. படம் திறந்துவிட்டது என்பதனாலேயே படம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. ஒளியை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் பார்த்தபின்னரே கருத்துக் கூறுதல் வேண்டும். நல்ல உரையாசிரியர் மூலத்தை மேலே எழுதி, தம் உரையைக் கீழே எழுதுவார். தாம் கொண்ட பாடம் எது என்பதையும் மறையாது கூறுவார். கைப்பேசியில் படம் காட்டும் செயலிகளும் அந்த ஒழுங்கைக் கைக்கொள்ளும் வரையில், திரையில் தெரிவதை ஓர் உரையாகவே கொண்டு, மூலக் கோப்பைப் போற்றி வைத்தல் அறிவுடையார் செயலாகும்.